பொரிக்கடை எலிக்கு ஜலதோஷம்

எலிக்கு ஜலதோஷம் பிடித்தால் யார் மூக்கைச் சிந்த வேண்டும் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள் கண்ணுகளா, சிரிக்கத்தானே கூடியிருக்கிறோம். ஆனால் அந்தப் புரட்டாசியில் அடைக்கலத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எலிக்கு வந்த ஜலதோஷத்துக்கு அவர் கடையையல்லவா பூட்டினார்கள்.

திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே, பாத்திரக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் நடுவே நுழைந்து போகிற ஒரு சந்தில் இருக்கிறது அடைக்கல மாதா பொரிக்கடை. பிள்ளையார் மலை உச்சியில் இருக்கிறார், மாதா கடைப் பலகையில் இருக்கிறாள், இருவருக்கும் நடுவில் பொரி. இந்த ஏற்பாட்டில் இதுவரை யாருக்கும் சங்கடம் வந்ததில்லை. ஊரிலுள்ள பட்டறை, ஆட்டோ ஸ்டாண்டு, அச்சகம், தையற்கடை, பஸ் டிப்போ எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜைப் பொரி இங்கிருந்துதான் போகும். அடைக்கலமும் அவர் மனைவி ரோசரியும் மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவார்கள். அந்த ஒரு வாரம்தான் அவர்களுக்கு வருஷச் சோறு. பூஜைக்கு மறுநாள் பொரியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது. அதற்குள் மழைக்காற்று பட்டு நமுத்தும் போயிருக்கும். நமுத்த பொரியை மாட்டுக்கு வைத்துப் பாருங்கள். முகர்ந்துவிட்டு, வைத்தவரை ஒரு பார்வை பார்க்கும்.

அந்த வருஷமும் கிடங்கின் கூரை முட்ட மூட்டைகள் வந்து இறங்கின. அவற்றோடு எலி ஆபீசும் வந்து இறங்கியது.

எலி ஆபீஸ் என்பது ஊர் வைத்த பெயர். ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கும் அதன் முழுப் பெயர், கொறிவிலங்கு மகுட நச்சுயிரி மரபுப் பன்மை மற்றும் பரிணாம ஆய்வு நடுவம். பலகை தன் வாசலில் அடங்காமல் பக்கத்து வீட்டுச் சுவரில் கொஞ்சம் ஏறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் 'பரிணாம' என்ற இடத்தில் வேட்டி காயப்போடுவார். வீட்டெலி, வயலெலி, பெருச்சாளி இவற்றின் உடம்பில் கொரோனா வம்சத்துக் கிருமிகள் எத்தனை விதம் இருக்கின்றன, எப்படி மாறிக்கொண்டு வருகின்றன என்று பார்ப்பது அதன் வேலை. நல்ல வேலைதான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஒருமுறை எலி பிடிக்கப் பச்சைமலைக்குப் போனார்கள். போனவுடன் வரவேற்பு, பிறகு மரக்கன்று நடுதல், பிறகு சிறப்புரை, பிறகு மரவள்ளிக்கிழங்கு விருந்து. கூண்டை எடுத்து வெளியே வைக்கும்போது கடைசி பஸ் ஹாரன் அடித்தது. 'பச்சைமலை எலிகள் ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டார்கள்.

ஆகவே இந்த முறை எலி தேடி மலையேற வேண்டாம், எலி இருக்கிற இடத்துக்கே போவோம் என்று முடிவாயிற்று. ஊழியர்கள் அடைக்கலம் கடையில் கூண்டு வைத்தார்கள். சுட்ட தேங்காய்க்கு ஆசைப்பட்டு ஒரு எலி உள்ளே போயிற்று. அவ்வளவுதான், சந்தில் ஷாமியானா போட்டுவிட்டார்கள். பேனரில் 'முதல் எலிக்கு முதல் மாதிரி எடுக்கும் விழா' என்று எழுதியிருந்தது.

"எலியைப் பிடிச்சுட்டாங்கல்ல, கொண்டு போக வேண்டியதுதானே?" என்றாள் ரோசரி.

"விழா முடிஞ்சாதான் அது பிடிச்ச எலியாம்," என்றார் அடைக்கலம்.

இயக்குநர் செந்தமிழன் வந்தார். வாய் திறந்தால் மேடைத் தமிழ்தான். வீட்டில் உப்புக் கேட்டாலும் அப்படித்தான் கேட்பார் என்பார்கள். நாலு நாளாக அவருக்குக் கடுமையான ஜலதோஷம், மூக்கு மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தது. போர்த்திய பொன்னாடைகளுக்கு மேல் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கி முன் நின்றார்.

"அன்பார்ந்த பெருமக்களே. நடுவம் தொடங்கிய நாள் முதல் நாங்கள் ஓய்ந்ததில்லை. தொடக்க விழா நடத்தினோம். தொடக்க விழாவுக்கு வெற்றி விழா நடத்தினோம். வெற்றி விழாவை மதிப்பிட்டுக் கருத்தரங்கம் நடத்தினோம். எலி ஒன்றுதான் குறையாக இருந்தது. இன்று அக்குறையும் நீங்கியது."

கைதட்டினார்கள். அடைக்கலமும் தட்டினார். தம் கடை எலி ஒரு குறையைத் தீர்த்ததில் அவருக்கும் கொஞ்சம் பெருமை.

சுபஸ்ரீ என்ற ஆய்வாளர்ப் பெண் கையுறை போட்டு எலியைப் பதமாகப் பிடித்துக்கொண்டாள். இயக்குநர் பஞ்சுக்குச்சியை எடுத்து எலியின் வாயருகே குனிந்தார். அப்போது போட்டோக்காரர், "சார், மாஸ்க்கை இறக்கிக்கோங்க. நீங்கதான்னு தெரிய வேண்டாமா," என்றார். அது நியாயமாகப் பட்டது. இறக்கினார். கற்பூரப் புகை, புதுப் பொன்னாடைப் பஞ்சு, கடைக்குள்ளிருந்து வந்த பொரி உமி மூன்றும் சேர்ந்து அவர் மூக்குக்குள் கூட்டம் போட்டன.

தும்மினார். மேடைக் குத்துவிளக்கில் இரண்டு முகங்கள் அணைந்தன. எலியின் மீசை பின்னால் படிந்தது. எலி கண்ணை இறுக மூடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

"சார், வேற எலி பிடிச்சு எடுத்துக்கலாமே," என்றாள் சுபஸ்ரீ மெதுவாக.

"அழைப்பிதழில் முதல் எலி என்று அச்சாகிவிட்டதம்மா," என்றார் இயக்குநர். அந்த எலியின் வாயிலேயே குச்சியை விட்டு எடுத்தார். போட்டோக்காரர் கேட்டதற்காக இன்னொரு தரமும் எடுத்தார்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது முடிவு வந்தது. எலியின் வாயில் இரண்டு கொரோனா இருந்தன. ஒன்று எலிகளுக்கே உரியது. இன்னொன்று மனுஷருக்குச் சாதாரண ஜலதோஷம் தருவது. ஜீப் வந்து நின்றது. இயக்குநர் இறங்கினார். கிடங்குக் கதவில் பூட்டு, பூட்டின்மேல் துணி, துணியின்மேல் அரக்கு. பக்கத்தில் ஒரு அறிவிப்பு: 'உள்ளே பரிணாமம் நடைபெறுகிறது. ஒலி எழுப்பாதீர்.'

"ஐயா, உள்ள இருக்கிறது பொரிங்க," என்றார் அடைக்கலம்.

"பொரியைப் பாராதீர். இரண்டு நச்சுயிரிகள் ஒரே எலிக்குள் குடியிருந்திருக்கின்றன. ஒரே கூரையின்கீழ் இரண்டு பேர் இருந்தால் என்ன நடக்கும்?"

அடைக்கலம் ரோசரியைப் பார்த்தார். "சண்டை வருங்க."

"மரபுக் கலப்பு நடக்கும். புதியது பிறக்கும். பொரி விற்கிற இந்தச் சந்தில் உலக வரலாறு திரும்பப் போகிறது. அதுவரை கதவு மூடியிருக்கும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"சென்ற முறை சில நூற்றாண்டுகள் ஆயின."

"புதன்கிழமை ஆயுத பூஜைங்க."

"பரிணாமத்துக்குப் புதன்கிழமை தெரியாது," என்று சொல்லிவிட்டு இயக்குநர் ஜீப்பில் ஏறினார். அவர் போன பிறகும் ஒரு ஊழியர் இருந்து, அந்த எலி சென்ற பதினைந்து நாளில் யார் யாரைச் சந்தித்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அது எங்கிட்டச் சொல்லிட்டுப் போகாதுங்க," என்றார் அடைக்கலம்.

"நண்பர்கள்?"

"எதிர்க்கடைப் பக்கம் போகும்."

எதிர்க்கடை தைரியராஜின் பித்தளைக்கடை. அன்று சாயங்காலமே அவர் வாசலிலும் ஒரு நாற்காலி போட்டு ஒரு காவலரை உட்கார வைத்துவிட்டார்கள். தைரியராஜ் அடைக்கலத்தைப் பார்த்து, "ஏங்க, நம்ம சிநேகத்துல ஒரு குறையும் இல்லையே? என் பேரை எதுக்குங்க இழுத்தீங்க?" என்றார்.

"எலியைத்தாங்க சொன்னேன்."

"நல்லாச் சொன்னீங்க. நான் விளக்கு விக்கிறேன், நீங்க உள்ள உலகத்தையே பொரிச்சுக்கிட்டு இருக்கீங்க."

மறுநாள் சந்திலிருந்த மற்றப் பொரிக்கடைகளுக்கும் சீல் விழுந்தது. எலி அங்கெல்லாம் எட்டிப் பார்த்திருக்கலாம் என்பது காரணம். பூட்டிய கிடங்கைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். சிலர் கதவில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒரு அம்மாள் மஞ்சள் துணி முடிந்துவிட்டுப் போனாள். மாலையில் இடி இடித்தது, தூறல் விழுந்தது. அடைக்கலத்துக்கு ஒவ்வொரு தூறலும் பொரியின் தலையில் விழுவதாகவே பட்டது. சாப்பிட உட்கார்ந்தவர் அப்பளத்தைக் கடித்தார், நமுத்திருந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

"நாளைக்கு ஸ்ரீரங்கம் போய்ப் பேசுங்க," என்றாள் ரோசரி. "நடந்தது நடந்தபடி சொல்லுங்க. அந்த மனுஷன் தும்மினதை ஊரே பார்த்துச்சு."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போனார் அடைக்கலம். எலி ஆபீசில் அவர் கடை எலி ஏசி அறையில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எட்டிப் பார்த்தார். கொழுத்திருந்தது. கடையில் இருந்தபோது அதற்கு இவ்வளவு வயிறு இல்லை.

கூட்ட அறையில் வல்லுநர் குழு உட்கார்ந்திருந்தது. மனுஷ ஜலதோஷம் எலிக்குள் எப்படிப் போயிற்று என்பதுதான் கேள்வி. மனுஷ ஜலதோஷக் கிருமிகளில் சிலவற்றின் முன்னோர் அந்தக் காலத்தில் எலியிடமிருந்து வந்திருக்கலாம், அது தாய் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்றார் ஒருவர். சாக்கடை வழி என்றார் ஒருவர். புத்தூர்ப் பக்கத்து எலிகள் வேண்டுமென்றே செய்திருக்கலாம் என்றார் மூன்றாமவர், அவருக்குப் புத்தூரில் ஒரு வீட்டுத் தகராறு இருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் இயக்குநர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடைக்கலம் எழுந்து நின்றார். "ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. விழாவுல நீங்க எலி மூஞ்சியில தும்மினீங்க."

வல்லுநர்கள் இயக்குநரின் கைக்குட்டையைப் பார்த்தார்கள்.

குழுச் செயலர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: "உள்ளூர் நம்பிக்கைகள் என்ற இயலில் சேர்க்கலாம். தும்மினால் நோய் பரவும் என்று இப்பகுதி மக்கள் நம்புகிறார்கள்."

"மிக நுட்பமான கள அவதானிப்பு," என்றார் இயக்குநர். "ஆனால் அடைக்கலம் அவர்களே, நாசி நிகழ்வு அலுவல் முறையில் நடந்ததன்று. விழா நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. நிரலில் இல்லாதது நடக்கவில்லை. நடக்காத ஒன்றை ஆராய எங்களுக்கு நிதி ஒதுக்கீடு கிடையாது." சொல்லி முடித்து இன்னொரு தரம் தும்மினார். குழு எழுந்து நின்று, உட்கார்ந்தது.

வெளியே வந்தபோது சுபஸ்ரீ பின்னாலேயே வந்து ஒரு காபி வாங்கிக் கொடுத்தாள். ஸ்ரீரங்கத்துப் பெண், முகத்தில் தூக்கமில்லை.

"நான் மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன் மாமா. 'பேசவும்'னு எழுதித் திருப்பி அனுப்பறா. பேசப் போனா 'எழுதித் தரவும்'ங்கறா."

"நெசமாவே என் கடையில ஏதாச்சும் ஆபத்து இருக்காம்மா?"

"எலி அண்டின மூட்டையைச் சுத்தமா வெச்சுக்கணும், கையை அலம்பணும். அது எப்பவுமே சொல்றதுதான். இந்த ஜலதோஷம் அவரோடது மாமா, எலியோடது இல்லை." அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த எலிக்கிட்ட அதுக்குச் சொந்தமான கிருமி ஒண்ணு இருக்கு பாருங்கோ, அதுதான் பொக்கிஷம். புத்தூர் எலியோடதைப் போல இல்லை. ரெண்டும் ஒரே கொள்ளுத்தாத்தா வம்சம், ஆனா சந்துக்குச் சந்து கொஞ்சம் கொஞ்சமா மாறிண்டு வந்திருக்கு. எப்போ பிரிஞ்சது, எதுக்குப் பிரிஞ்சதுன்னு உட்கார்ந்து பார்த்தா எவ்வளவு தெரியும். அதை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலை. அதுக்கு விழா கிடையாதே."

அடைக்கலத்துக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தம் மூட்டைகளைப்போல இவளையும் யாரோ உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பூஜைக்கு முதல் நாள் காலை வந்துவிட்டது. திருச்சி முழுக்கப் பொரிக்குத் தட்டுப்பாடு. சந்தில் பட்டறைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் தையற்காரர்களும் வெறும் பையோடு நின்றார்கள். மேகம் கறுத்திருந்தது. ரோசரி பூட்டிய கதவின் இடுக்கில் மூக்கை வைத்து, பொரி நமுத்துவிட்டதா என்று முகர்ந்து பார்த்தாள்.

அப்போது ஜீப் வந்தது. இயக்குநர் இறங்கினார், சுபஸ்ரீயும் இறங்கினாள். இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடைக்கலத்தின் காதருகே குனிந்தார். அடைக்கலம் ஓர் அடி பின்னால் போனார்.

"ஒரு படி பொரி வேண்டும்."

"எதுக்குங்க?"

"நாளை நடுவத்தில் கருவித் திருநாள். மரபணு வரிசை பார்க்கும் இயந்திரத்துக்குப் படைக்க வேண்டும். போன வருடம் பகுத்தறிவை முன்னிட்டுப் படைக்காமல் விட்டோம். இயந்திரம் மூன்று மாதம் ஓடவில்லை. பகுத்தறிவுக்கும் பொரிக்கும் பகையில்லை என்று குழு முடிவெடுத்திருக்கிறது."

"பொரி உள்ள இருக்குங்க. சாவி உங்ககிட்ட."

இயக்குநருக்கு இந்தச் சிக்கல் அப்போதுதான் விளங்கியது. சீலை உடைக்க இயக்குநரின் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பம் வேண்டும். ஜீப்பின் இடப்பக்கம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்து அதைப் படித்தார். போதிய காரணம் காட்டவில்லை என்று திருப்பினார். மறுபடி இடப்பக்கம் போய்க் காரணம் காட்டினார். வலப்பக்கம் வந்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது. நிபந்தனைகளுடன் அனுமதித்தார். இடப்பக்கம் போய் நன்றி தெரிவித்தார்.

"இவர் ரொம்பக் கறார்," என்றார் தைரியராஜ். "இவருக்கே இவர்கிட்டக் காரியம் ஆகலையே."

அரக்கை உடைத்தார்கள். கதவு திறந்ததும் மொறுமொறுப்பான வாசனை முகத்தில் வந்து மோதியது. சுபஸ்ரீ ஓரத்திலிருந்த மூட்டையின் தையல் இடுக்கில் விரலை விட்டு ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். பட்டென்று உடைந்தது. அடைக்கலம் சிலுவை போட்டுக்கொண்டார். ரோசரி விடுவிடென்று உள்ளே போனாள்.

"ஒரு படி மட்டும்," என்றார் இயக்குநர்.

அடைக்கலம் தலையைச் சொறிந்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். "ஐயா, எங்க கடையில ஒரு வழக்கம். மூட்டை வாயைப் பிரிச்சுப் படியை உள்ள விட்டா, அடி தெரியிற வரைக்கும் அளந்து தீர்க்கணும். பாதியில கட்டி வச்சா அந்த வருஷம் விளங்காது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து மீறினதில்ல. ஒரு படிக்காக வாயைப் பிரிக்க முடியாதுங்க."

இயக்குநர் யோசித்தார். உள்ளூர் நம்பிக்கைகளுக்கு அறிக்கையில் ஓர் இயலே இருக்கிறது, அதை அவரே மீறலாமா? "வாய் பிரித்ததைத் தீர்த்துவிடலாம். உள்ளூர் வழக்கத்தை நடுவம் மதிக்கிறது," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

உள்ளே பார்த்தார்கள். ரோசரி கையில் கோணி ஊசியோடு வியர்க்க விறுவிறுக்க நின்றாள். சுவரிலிருந்து சுவர் வரை, எந்த மூட்டைக்கும் தையல் இல்லை. எல்லாம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

"எது நல்ல பொரின்னு பார்த்தேங்க," என்றாள். "மெஷினுக்குப் போறதாச்சே."

தைரியராஜ் சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மெஷினுக்கு ஆகிற பொரி மனுஷனுக்கும் ஆகுமாம். வாங்க."

பைகள் பாய்ந்து வந்தன. இயக்குநர் தடுக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கைக்கு எதிரே கூட்டமும் போட்டோ எடுக்கும் செல்போன்களும் தெரிந்ததும், கை தானாகவே வணக்கமாக மாறியது. வாயும் தானாகத் திறந்தது.

"அன்பார்ந்த பெருமக்களே. பரிணாமத்தைப் பூட்டி வைத்துப் பார்ப்பது பழைய முறை. அதை மக்களிடமே கொடுத்துப் பார்ப்பது புதிய முறை. இது விற்பனையன்று, களப் பகிர்வு. இங்கே பொரி வாங்கும் ஒவ்வொருவரும் எங்கள் ஆய்வின் பங்கேற்பாளர்."

"பங்கேற்பாளருக்குக் கடலை உண்டுங்களா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்.

அடைக்கலம் படியை எடுத்தார். முதல் படிக்கு ஒன்று என்று எண்ணுகிற பழக்கம் கிடையாது. "லாபம்," என்று சொல்லி அதை இயக்குநரின் பையில் கொட்டினார். அவருக்கும் மற்ற எல்லாருக்கும் போல ஒரு கை கொசுறு போட்டார். "ரெண்டு. மூணு." பொரி பறந்தது. தலையிலும் மீசையிலும் ஒட்டியது. தையற்காரர் பட்டறைக்காரரின் பையில் வாங்கினார், பட்டறைக்காரர் வேட்டியில் வாங்கினார். வானம் இடித்தது, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இயக்குநரால் சந்தைவிட்டு வெளியே போக முடியவில்லை. ஜீப்பைச் சுற்றிப் பங்கேற்பாளர்கள். நின்றுகொண்டே இருந்தார். நிற்கிறவன் கையில் பொரிப்பை இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாதா? முதலில் ஒன்று. பிறகு நாலு. அப்புறம் கை தானாகப் போய் வந்தது. கூட்டம் குறைந்து வழி கிடைத்தபோது பையில் உமிதான் இருந்தது.

இயக்குநர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தபோது அடைக்கலம் கடைசி மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். அரைப் படி தேறியது.

"இயந்திரத்துக்கு இது போதுமா?" என்றார் இயக்குநர், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சின்னக் குரலில்.

"தாராளமாப் போதும் சார். அது சாப்பிடாது," என்றாள் சுபஸ்ரீ.

இயக்குநர் பையை அவளிடமே கொடுத்துவிட்டார். பிறகு தம்மை நிமிர்த்திக்கொண்டு, அரக்கும் மெழுகுவர்த்தியும் கொண்டுவரச் சொன்னார். பரிணாமம் முடியும்வரை சீல் இருக்க வேண்டும் என்பது ஆணை, ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை, அவரும் செய்யப்போவதில்லை. காலிக் கிடங்குக்குச் சீல் வைக்க எல்லாரும் வாசலில் கூடினார்கள். காற்றில் மெழுகுவர்த்தி அணையாமல் அடைக்கலம் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்று ரோசரி துடைப்பத்தோடு உள்ளே போனாள்.

"காலிக் கிடங்கில் என்னம்மா வேலை?" என்றார் இயக்குநர்.

"சிந்தினதைப் பெருக்கிட்டு வந்துடறேங்க. இல்லேன்னா அதைத் தின்ன எலி வரும். எலி வந்தா பின்னாலேயே ஆபீசும் வரும்."